உரோமர் வெள்ளிக் காசும் அவர்தம் நாணயமும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கடையிற் கொடுத்துப் பண்டம் வாங்கும் காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். "அவர் நாணயமான மனிதர்" என்று நம் ஊர்ப் பெரியோர் கூறும்போது ஒருவருடைய மடியிலுள்ள காசை எண்ணிக் கூறுவதில்லை. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் ஏன் குடியிருக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் நமது தீவிலே நிகழ்ந்ததாக உரோம நூலொன்று கூறும் செய்தியை முதலிற் கேட்போம்.

நூலை எழுதியவர் பிளினி. கி. பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை கக்கியபோது உயிர்நீத்தவர் அவரே. தமது 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலில் அவர் சொல்வதாவது: குளோடியஸ் மன்னன் ஆட்சியில் (கி. பி. 41 - 54), செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகையெடுத்திருந்த அன்னியஸ் புளோக்கமஸ் என்பவரிடமிருந்து விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியக் கரையோரமாகக் கப்பலிற் சென்றான். வடகாற்று அவனை அலைத்து, பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் துறையொன்றில் ஒதுக்கியது. தப்ரபேன் என்று யவனரும் உரோமரும் அழைத்தது நம் இலங்கையையே. இங்கிருந்த அரசன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்து, மொழி பழகியபின் உரோமையும் அதன் மன்னனையும் பற்றி வினவினான். கேட்டவற்றுள் அரசனை வியக்க வைத்தது படைப்பெருமையுமன்று, மாடமாளிகையுமன்று. அவனிடமிருந்து கைப்பற்றிய பணத்தில் இருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்தான். அவற்றிலே பொறித்த தலைகள் வேறுவேறு, ஆகவே வேறுவேறு மன்னர் அடித்தவை. ஆயினும் நிறை ஒன்றே. மன்னர் மாறியும் நிறை மாறாத நாட்டிலே நீதி இருக்கவேண்டும் என்று கருதி, அவ்வரசன் நான்கு தூதரை உரோமுக்கு அனுப்பினானாம்.

பிளினி கூறுவன யாவும் நம்பத் தக்கன அல்ல. நம் தீவைப்பற்றியே அவர் சில கட்டுக்கதைகளையும் எழுதியுள்ளார். ஆயினும் இச்செய்திக்கு ஒரு பிடிமானம் உண்டு. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடற் துறையாகிய பெரனிக்கேயிலிருந்து நைல் நதிக்குச் செல்லும் வணிகப் பாதையோரத்துப் பாறையொன்றிலே, 'அன்னியஸ் புளோக்கமஸின் ஆள்' ஆகிய இலீசாஸ் என்பவன் தன் பெயரைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வெட்டிவைத்துள்ளான். அதன் காலம் கி. பி. 6. வரிக் குத்தகைக் குடும்பம் கற்பனையன்று என்பது இதனால் தெரிகிறது.

நிற்க, இலங்கை மன்னன் கையிலெடுத்துப் பார்த்த அந்தக் காசு எது? அதன் பெயர் தெனாரியம். பெயரின் பொருள் 'பத்து உடையது'. பத்துச் செப்புக் காசுக்கு ஒரு வெள்ளிக் காசு என்பது தொடக்க மதிப்பு. அது பிறந்த காலத்தைப்பற்றி நெடுங்காலம் தகராறு இருந்தது. பிளினி தரும் கணக்கின்படி உரோமர் வெள்ளிக் காசு அடிக்கத் தொடங்கியது கி. மு. 269. ஆனால் சிசிலித் தீவிலுள்ள மோர்கந்தீனா என்னும் பழைய நகரில் 1955 முதல் நடந்த அகழ்வு வேறு கதை சொல்லிற்று. அந்நகர் கி. மு. 211 அளவிலே உரோமரால் அழிக்கப்பட்டது. அவ்வழிவின் மண்ணடுக்கிலே புத்தம் புதிய தெனாரியங்கள் கிடந்தன. ஆகவே தெனாரியம் பிறந்தது ஹனிபல் இத்தாலி நாட்டையே சூறையாடிக்கொண்டிருந்த பெரும்போரின் நடுவிலே என்று இப்பொழுது கொள்வர். ஓர் அரசு தன் உயிருக்குப் போராடும் வேளையிலே அடித்த காசு அதன்பின் நானூறு ஆண்டுக்கு மேல் வழங்கியது. மண்ணுக்குள் எந்த அடுக்கில் ஒரு காசு கிடந்தது என்பது காசினும் பெறுமதியுடையது என்பதற்கு இதனைவிட நல்ல சான்று நாம் காணோம்.

வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஸ்பானியாவிலிருந்து. புதிய கார்த்தேஜ் என்னும் நகருக்கு அண்மையிலிருந்த சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்தனர் என்று பொலீபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் கணக்குச் சொல்கிறார். அங்கே வெள்ளி தனியாகக் கிடைப்பதில்லை. ஈயத்தோடு கலந்து கிடக்கும். அதனை உலையிலிட்டு உருக்கிக் காற்றுச் செலுத்தினால் ஈயம் துருவாய்ப் பிரிய, வெள்ளி எஞ்சும். அவ்வுலைகளின் ஈயப் புகை வடக்கே சென்று கிரீன்லாந்துப் பனிக்கட்டியிற் படிந்தது. அப்பனியை ஆழத் துளைத்தெடுத்து ஆண்டுவாரியாக ஈயத்தை அளந்து 2018 இல் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்விலே, உரோமரின் ஏற்றமும் இறக்கமும் கோடாய்த் தெரிகின்றன. அரசர் புகழை எழுதிய புலவர் பொய் சொல்லலாம். பனிக்கட்டிக்கு அந்தத் தேவை இல்லை.

குடியாட்சிக் காலத்துத் தெனாரியங்களில் தெய்வங்களின் தலையும், காசடிக்கும் பொறுப்புடைய இளம் அலுவலரின் முன்னோர் பெருமையுமே இருந்தன. உயிரோடிருக்கும் மனிதனின் முகத்தை உரோமில் அடிக்கும் காசிலே பொறிப்பது மன்னராட்சி வழக்கம் என்று உரோமர் அருவருத்தனர். அந்த வேலியை யூலியஸ் சீசர் கி. மு. 44 இன் தொடக்கத்திலே தாண்டினார். மாலையணிந்த அவர் தலையும், 'வாழ்நாள் முழுவதும் சர்வாதிகாரி' என்ற எழுத்தும் கொண்ட தெனாரியங்கள் வெளிவந்தன. சந்தைக்குச் சென்ற ஒவ்வொருவன் கையிலும் அச்செய்தி ஏறிற்று. அவ்வாண்டு மார்ச்சு 15 இல் அவரைக் குத்திக் கொன்றனர். கொன்றவர்களுள் தலைவரான புரூட்டஸ் செய்த வேலையைப் பாருங்கள்: இரண்டு ஆண்டுக்குள் தாமும் ஒரு வெள்ளிக் காசு அடித்தார். ஒரு பக்கம் இரண்டு குத்துவாளும், அவற்றின் நடுவே அடிமை விடுதலை பெறும்போது அணியும் குல்லாவும், கீழே மார்ச்சு மாதத்து அந்நாளின் பெயரும். மறுபக்கத்திலே தம்முடைய முகம்! சீசர் முகத்தைப் பொறித்ததைக் குற்றமென்றவர் தம் முகத்தைப் பொறித்துக்கொண்டார். இந்த முரண்பாட்டை எந்த வரலாற்று நூலும் இத்துணைச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

அதே உள்நாட்டுப் போரின் இறுதியில், கி. மு. 32 - 31 இல், மார்க்கு அந்தோனி தம் படைவீரருக்குக் கூலி கொடுக்கக் கப்பலுருவம் பொறித்த தெனாரியங்களைப் பெருந்தொகையாக அடித்தார். மறுபக்கத்திலே படைக்கொடிகளும் ஒவ்வொரு படையணியின் எண்ணும் இருக்கும். அவற்றின் வெள்ளி சற்று மட்டம். அதனால் விளைந்தது விநோதமானது. நல்ல வெள்ளிக் காசுகளை மக்கள் ஒளித்துவைத்தனர், உருக்கினர். அந்தோனியின் மட்டக் காசையோ ஒருவரும் பதுக்காமையால் அது கை மாறி மாறி இருநூறு ஆண்டுக்கு மேல் வழங்கியது. மூன்றாம் நூற்றாண்டுப் புதையல்களிலே எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழத்துப்போன அந்தோனிக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. போரிலே தோற்றவனின் காசு வென்றவனின் காசினும் நீடு வாழ்ந்தது.

வென்றவர் ஒகுஸ்தஸ். அவருடைய காசு உரோம இறாத்தல் ஒன்றுக்கு 84 வீதம் அடிக்கப்பட்டது. ஒன்றின் நிறை நான்கு கிராமிற்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழத் தூய வெள்ளி. அவர் காலத்துப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியம். அவர் அடித்தவற்றுள் நமக்கு நெருக்கமானது ஒன்றுண்டு. அவருடைய பேரரும் சுவீகார புத்திரருமாகிய காயஸ், லூசியஸ் என்னும் இரு இளவரசர் கேடயமும் ஈட்டியும் நடுவில் வைத்து நிற்கும் காசு அது. கி. மு. 2 முதல் பிரான்சு நாட்டு லியோன் நகர் அக்கசாலையிலே அடிக்கப்பட்டது. பேரரசுக்கு வாரிசு இவர்களே என்று உலகிற்கு அறிவிப்பது அதன் நோக்கம். லூசியஸ் கி. பி. 2 இலும் காயஸ் கி. பி. 4 இலும் இறந்துபோயினர். ஆனால் காசு இறக்கவில்லை. அது செங்கடலைக் கடந்து, பருவக்காற்றேறி, மிளகு விளையும் சேர நாட்டுத் துறைகளில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாடு சென்றது. தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் இருவகை வெள்ளிக் காசுகளுள் ஒன்று இது. மற்றது ஒகுஸ்தஸுக்குப் பின்வந்த திபேரியஸ் மன்னனுடையது. கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள வெள்ளலூரில் 1842 இல் 500 க்கு மேற்பட்ட தெனாரியங்கள் ஒரே புதையலாய் வெளிப்பட்டன. தெலுங்கு நாட்டு அக்கன்பள்ளியில் 1,531 கிடைத்தன. ஆண்டு முழுவதும் உழைத்த உரோம வீரனின் சம்பளத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு ஒரு பானைக்குள் இருந்தது என்று இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இந்திய வணிகம் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸை விழுங்குகிறது என்று பிளினி புலம்பினார். நான்கு செஸ்தர்ஸ் ஒரு தெனாரியம். யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை அகநானூற்றின் 149 ஆம் பாட்டால் அறிவோம். கொடுத்தவர் புலம்பலும் வாங்கினவர் பெருமிதமும் இருபுறத்து ஏட்டிலும் இருப்பது ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்த பேறு.

இனி, நீரோ மன்னனிடம் வருவோம். கி. பி. 64 இல் உரோம நகர் பெருந்தீயில் வெந்தது. அவ்வாண்டையொட்டி நீரோ காசைத் திருத்தினான். இறாத்தலுக்கு 84 ஆயிருந்த தெனாரியம் 96 ஆகியது. அதாவது அதே வெள்ளியில் பன்னிரண்டு காசு கூட. அத்தோடு நில்லாமல் செம்பையும் கலந்தான். வெள்ளி நூற்றுக்கு எண்பது அளவிற்கு இறங்கியது. இலங்கை மன்னன் நிறையொப்பைக் கண்டு வியந்து இருபது ஆண்டுகூடச் சென்றிருக்குமோ என்பது ஐயம். அவன் வியந்த பொருளே போயிற்று. இதிலே ஒரு தந்திரமும் உண்டு. காசாகப்போகும் வில்லையைக் காய்ச்சிப் புளிப்பு நீரிலிட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து, வெள்ளித் தோல் மட்டும் மேலே நிற்கும். அதன்மேல் அச்சையடித்தால் காசு முழு வெள்ளிபோலப் பளபளக்கும். இப்பளபளப்பு அக்காலத்துச் சந்தையை எவ்வளவு ஏமாற்றிற்றோ அறியோம். இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளரை ஏமாற்றியது உண்மை. அவர்கள் காசின் மேற்பரப்பை ஆய்ந்து வெள்ளியின் வீதத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டனர். விளிம்பிலே நுண்ணிய துளையிட்டு உள்ளிருக்கும் உலோகத்தை எடுத்து ஆய்ந்தபின்னரே செம்பின் உண்மைக் கணக்கு வெளிப்பட்டது.

தென்னிந்தியப் புதையல்களில் நீரோவின் திருத்தத்துக்குப் பிந்திய வெள்ளி அருமை. இதற்குக் காரணங் கூறுவோர் இரு கட்சியினர். வெள்ளி கொடுத்து வாங்கும் வணிகம் ஒகுஸ்தஸ், திபேரியஸ் காலத்திலேயே உச்சநிலையிலிருந்தது, ஆகவே அக்காசே மிகுதி என்பர் ஒருசாரார். மற்றையோர் கூறுவது வேறு: நீரோவுக்குப் பின்னும் வணிகம் நடந்தது, ஆனால் நம்மவர் புதுக் காசை ஒதுக்கிப் பழைய காசையே கேட்டுப் பெற்றனர். இவ்விரண்டாவது கொள்கையின் பக்கமே நம் மனம் சாய்கிறது. தமிழகத்திலே காசின் மாற்றை நோட்டம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் இருந்தனர். அவர்களை வண்ணக்கர் என்பர். சங்கப் புலவருள்ளே வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்றோர் பெயரிலேயே அத்தொழில் நிலைத்துவிட்டது. உரைகல்லும் தராசும் கைக்கொண்ட வண்ணக்கரிடம் வெள்ளித் தோல் போர்த்த செம்பு எளிதிற் செல்லாது. வடகோடியிலும் இதே கதைதான். உரோமப் பேரரசின் எல்லையிலே வாழ்ந்த செருமானியர், ஓரம் அரம்போல் வெட்டிய பழங்காசையும் இரட்டைக் குதிரைத் தேர் பொறித்த பழங்காசையுமே விரும்பினர் என்று தாசிதஸ் எழுதிவைத்தார். ஓரம் வெட்டிய காசில் உள்ளே செம்பிருந்தால் தெரிந்துவிடும் அல்லவா! காவிரிக் கரைக்கும் ரைன் நதிக் கரைக்கும் ஒரு தொடர்புமில்லை. இரு கரையாரும் ஒரே முடிவுக்கு வந்தனர்.

நீரோவுக்குப் பின் மன்னர் சிலர் திருந்த முயன்றனர். டொமீசியன் 82 இல் வெள்ளியைப் பழைய தூய்மைக்கு உயர்த்தி, மூன்றாண்டில் மீண்டும் இறக்கினான். சம்பளத்தை 225 இலிருந்து 300 ஆக உயர்த்தியவனும் அவனே. 165 அளவிலே பேரரசெங்கும் பெருங் கொள்ளைநோய் பரவியது, சுரங்கத்துக்கு ஆளில்லை, கிரீன்லாந்துப் பனியிலே ஈயக் கோடு சரிகிறது. ஆனால் படைச்செலவு சரியவில்லை. 193 இலே நடந்ததைக் கேட்டால் நகைப்பதா வருந்துவதா என்று தோன்றும். மெய்காவற் படையினர் மன்னன் பெர்தினாக்ஸைக் கொன்றுவிட்டு, அரசுரிமையை ஏலங் கூறினர். ஆளுக்கு 25,000 செஸ்தர்ஸ் தருவதாகக் கேட்ட தீதியஸ் யூலியானஸுக்கு அது விழுந்தது. அறுபத்தாறு நாளில் அவன் தலையும் விழுந்தது. பின்வந்த செப்திமியஸ் செவேரஸ் தன் மைந்தருக்குச் சாகும்போது கூறிய புத்தி, படைவீரரைச் செல்வராக்குங்கள், மற்றெவரையும் பொருட்படுத்தாதீர்கள் என்பதாம். அச்செல்வம் வெள்ளியாக இல்லாவிடினும் காசாக இருந்தாற் போதும் என்று அவன் கருதினான் போலும்! அவன் தெனாரியத்தில் ஏறத்தாழப் பாதி செம்பு. மகன் கரகல்லா 215 இல் புதுக் காசொன்றை அடித்தான். மன்னன் தலையிலே கதிர்முடி அணிந்திருக்கும். மதிப்பு இரண்டு தெனாரியம் என்பர். நிறையோ ஒன்றரைத் தெனாரியத்தினும் சிறிதே கூடியது.

அதன்பின் வீழ்ச்சி விரைந்தது. காலியேனஸ் ஆட்சியின் இறுதியில், 260 களின் பிற்பகுதியிலே, 'வெள்ளிக் காசு' என்று வழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்பு வில்லைக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சு. சில நாளிலே அதுவும் உரிந்துவிடும். எகிப்தின் ஒக்சிரிங்கஸ் நகர்க் குப்பைமேட்டிலிருந்து கிடைத்த, 260 ஆம் ஆண்டுக்குரிய பப்பிரசுத் தாளொன்று ஓர் அதிகாரியின் கட்டளை: மன்னரின் காசை ஏற்க மறுத்துக் கடையடைத்த காசுமாற்று வணிகர் உடனே கடை திறந்து அதனை ஏற்கவேண்டும், மறுப்போர் தண்டனை பெறுவர் என்கிறது. வண்ணக்கரை அதட்டிக் காசை மாற்றேற்றப் பார்த்த முயற்சி இது. இக்காலத்துக் காசின் பின்புறத்திலே என்ன பொறித்தனர் என்று நோக்குக. தராசேந்திய நேர்மைத் தெய்வம். அல்லது படைக்கொடிகளேந்திய 'பீதேஸ்' என்னும் தெய்வம், 'படைவீரரின் பீதேஸ்' என்ற எழுத்தோடு. பீதேஸ் என்னும் இலத்தீன் சொல்லைத் தமிழிற் பெயர்த்தால் வாக்குத் தவறாமை, அதாவது நாணயம். வெள்ளி குறையக் குறைய அச்சொல் காசிலே மிகுதியாக வந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தின் புரூம் என்னுமிடத்தில் 2010 இல் ஒருவர் உலோகங் காட்டும் கருவியோடு வயலில் நடந்தபோது பெரும்பானை ஒன்றின் வாயைக் கண்டார். ஆசை யாரை விட்டது? ஆனால் அவர் தோண்டுவதை நிறுத்தித் தொல்பொருளாளரை அழைத்தார். அவர்கள் அப்பானையை அடுக்கடுக்காக எடுத்து எண்ணினர்: 52,503 காசுகள், நிறை 160 கிலோகிராம். பெரும்பான்மையானவை மூன்றாம் நூற்றாண்டுச் செம்புக் காசே. பிந்திய மன்னனாகிய கரோசியஸின் காசுகள் மேலே கிடக்கவில்லை. பானையின் நடுவுக்குக் கீழே கிடந்தன. ஆகவே இது ஒருவர் ஆண்டுதோறும் சேர்த்த உண்டியலன்று, ஒரே வேளையிற் கொட்டி நிரப்பியது என்று துணிந்தனர். அகப்பையால் அள்ளிச் சாக்கிற் போட்டிருந்தால் இச்செய்தி என்றைக்கும் தெரியாது போயிருக்கும். அவற்றிடையே கரோசியஸ் அடித்த ஐந்து நல்ல வெள்ளித் தெனாரியங்களும் இருந்தன. கரோசியஸ் கடற்படைத் தலைவனாயிருந்து 286 இல் கிளர்ந்து பிரித்தானியாவைத் தனியரசாக்கியவன். பேரரசு முழுவதும் செம்பிலே புரண்ட நாளில், கலகக்காரன் ஒருவன்தான் மீண்டும் வெள்ளி அடித்தான். வேர்ஜில் புலவரின் வாசகத்தையும் அதிலே பொறித்தான். தன் அரசுரிமையிலே ஐயமுடையவர்களை அவனுக்குத் தெரியும். சில ஆண்டின் பின் தியோக்கிளேசியன் மன்னனும் இறாத்தலுக்கு 96 வீதம் வெள்ளிக் காசு அடித்து, அந்த 96 ஐ எண்ணாகவே காசில் எழுதினான். ஆனால் காலங் கடந்துவிட்டது. அடுத்து வந்த கொன்ஸ்தாந்தீன் தன் நம்பிக்கையைப் பொன்னில் வைத்தான்.

இக்காசுகளைச் சேர்க்கும் வழக்கம் புதியதன்று. ஒகுஸ்தஸ் மன்னனே திருநாட்களிற் பழங்காசுகளைப் பரிசளிப்பது வழக்கமென அவர் சரிதம் கூறும். உரோமின் கொடிமுந்திரித் தோட்டக்காரர் மண்ணிற் கண்ட காசுகளைப் பெத்ரார்க் என்னும் இத்தாலியப் புலவரிடம் கொண்டுவந்து விற்பர். அவர் 1354 இல் நான்காம் சாள்ஸ் மன்னனுக்குப் பழைய உரோம மன்னர் காசுகளைக் கொடுத்து, இவர்களைப்போல் நடந்துகொள் என்றார். முத்திரை சேர்க்கும் நம் வாலிபருள் சிலர் இப்பொழுது காசிலும் நாட்டங் கொள்வதைக் காண்கிறோம். அவர்கட்கு இரண்டொரு வார்த்தை. வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீறிட்டுத் துலக்குவதுபோலப் பழங்காசைத் துலக்கலாகாது, புளியும் ஆகாது. கருமை படிந்திருப்பது அதற்குக் காப்பு. தேய்த்தால் எழுத்தும் போய் விலையும் போகும். விளிம்பைப் பிடித்தே தூக்கவேண்டும். ஈராயிரம் ஆண்டு மண்ணிற் கிடந்த வெள்ளி உள்ளே நொறுங்கு தன்மை அடைந்திருக்கும். சீமெந்துத் தரையில் விழுந்தாற் சில காசுகள் ஓடுபோல் உடையும். எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஆண்டையே கண்டுபிடிக்கலாம்: மன்னர் 'மக்கட் காவலர்' அதிகாரத்தை ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பர், அந்த எண்ணைக் காசிலே குறிப்பர். தராசு கட்டாயம் வேண்டும். செப்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்த கள்ளக் காசு உரோமர் காலத்திலேயே உண்டு. நிறை அதனைக் காட்டிக் கொடுக்கும். பிற்காலக் கள்ளரும் குறைந்தவரல்லர். செருமனியில் வாழ்ந்த பெக்கர் (1772 - 1830) என்பவர் தாம் அடித்த போலிக் காசுகளை இரும்புத் தூளும் கொழுப்பும் இட்ட பெட்டியிலே வைத்துத் தமது வண்டியின் கீழே கட்டிக் கற்பாதையில் ஓட்டுவாராம், பழமை ஏறும்பொருட்டு!

காசு எங்கிருந்து வந்தது என்று வினவாமல் வாங்குவது இவையெல்லாவற்றினும் பெருந்தவறு. புரூட்டஸின் குத்துவாட் காசு பொன்னிலும் மிகச் சில உண்டு. அவற்றுள் ஒன்று 2020 இல் இலண்டன் ஏலத்திலே முப்பது இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அதன் பூர்வீகப் பத்திரம் பொய்யென்று பின்னர் தெரியவந்து, 2023 இல் அது கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அது மண்ணில் எந்த இடத்திலே, எதனோடு கிடந்தது என்ற செய்தியை ஒப்படைக்க இயலவில்லை. கொங்குநாட்டுப் புதையல்கள் பலவற்றின் கதியும் அதுதான். உழவன் கலப்பையிற் பட்டது, தட்டான் உலைக்குச் சென்றது; எண்ணிக்கை மட்டும் அதிகாரியின் குறிப்பிலே மிஞ்சியது. புதுக்கோட்டையில் 1898 இல் கிடைத்த 501 பொற்காசுகளை ஒருங்கே எழுதிவைத்தமையாலன்றோ, அவற்றிற் பெரும்பாலானவற்றின் மன்னர் தலைமேல் உளியாற் கீறியிருப்பதும், அது தற்செயலன்று என்பதும் புலனாயின. நம் நாட்டில் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. வயலிலோ கிணறு வெட்டும்போதோ காசு வெளிப்பட்டால் கையிலெடுத்துக் கழுவுமுன், இருந்தபடியே விட்டுத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

நம் தீவில் வெளிப்படும் உரோமக் காசுகளில், பிளினி கூறும் அந்த நல்ல வெள்ளி மிகச் சிறிதே. ஆயிரக்கணக்கிற் கிடைப்பவை நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். விரல் நகத்தளவே இருக்கும்; பலவற்றில் எழுத்தே தெரியாது. அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்த போலிகளும் உள்ளன. சில்லறைத் தட்டுப்பாடு அத்துணை இருந்தது போலும். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன.

ஆறாம் நூற்றாண்டிலே கொஸ்மாஸ் என்னும் கிரேக்கத் துறவி எழுதிய நூலில் இலங்கை மன்னனைப்பற்றி மற்றொரு கதை உண்டு. சோபாத்திரஸ் என்ற உரோம நாட்டு வணிகனும் பாரசீகன் ஒருவனும் அரசவைக்கு வந்தனர். தங்கள் மன்னருள் யார் பெரியவர் என்று அரசன் கேட்க, பாரசீகன் தன் மன்னனே என்றான். சோபாத்திரஸோ, இருவர் காசையும் எடுத்துப் பாருங்கள் என்றான். பாரசீகன் காட்டியது வெள்ளி. உரோமன் காட்டியது பொன். வெளிநாட்டு வணிகத்துக்கெனத் தெரிந்தெடுத்த, ஒளியும் வடிவும் குறையாத பொற்காசு. அரசன் இரண்டையும் புரட்டிப் பார்த்து உரோமனுக்கே பெருமை கொடுத்து, அவனை யானைமேல் ஏற்றி முரசறைந்து ஊர்வலம் வரச்செய்தானாம். ஐந்நூறு ஆண்டுக்கு முன் இதே தீவின் அரசனொருவன் முன்னே உரோமின் பெருமையை நிறுத்தியது வெள்ளித் தெனாரியம். இப்போது அவையிலிருந்த வெள்ளிக் காசு பாரசீகனுடையது.